எதிரிக்கு உயிர் கூடினால் அது கஷ்டமா?

கேள்வி, மார்ச் 2

ஏலியன், விண்கலம், பிளாஸ்மா துப்பாக்கி என்று வரும் ஷூட்டர் கேம்களில் ‘ஹார்டு’ என்ற பெயரில் நமக்குக் கிடைப்பது என்ன? பத்துக் குண்டில் சாகிறவன் இருபது குண்டில் சாவான். மூளை கூடுவதில்லை, தோல்தான் தடிக்கிறது. எனக்கு வயது நாற்பத்திரண்டு. கை முன்பு போல இல்லை. இனி எல்லாவற்றையும் ஈஸியில் போட்டுக் கதையைப் பார்த்துவிட்டு மூடிவிடப் போகிறேன். கஷ்ட நிலையில் ஆடுகிறவர்கள் வீம்புக்கு ஆடுகிறார்கள் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11.20

இருக்கிறது. 1993 டிசம்பரில் வந்த டூமையே எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாயின் துணைக்கோளில் நரகத்தின் கதவு திறந்துகொள்கிற கதை. அதில் நெருப்புருண்டை எறியும் இம்ப் என்ற அரக்கனுக்கு உயிர் 60. மிக எளிதான நிலையிலும் 60, மிகக் கடினமான நிலையிலும் அதே 60. மாறுவது எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதுதான். ஈஸியில் காலியாகக் கிடக்கும் மூலையில் ஹார்டில் ஒருவன் நிற்பான். ஆகக் கீழ்நிலையில் உங்கள் மேல் விழும் அடி பாதியாகும், கீழே கிடக்கும் குண்டு இரண்டு மடங்கு கிடைக்கும். உச்சத்தில் உள்ள நைட்மேர் நிலையில் செத்தவன் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வருவான். எந்த நிலையிலும் யாருக்கும் தோல் தடிக்கவில்லை.

ஆக உங்கள் கட்சி முப்பது வருடத்துக்கு முன்பே டெபாசிட் இழந்துவிட்டது.

மார்ச் 3, காலை 6.50

படுத்தபின் ஒன்று ஞாபகம் வந்து தூக்கம் போயிற்று. 1998 ஹாஃப்-லைஃபில் ஸ்கில்.சிஎஃப்ஜி என்று ஒரு கோப்பு உண்டு. எதிரியின் பெயர், கடைசியில் 1, 2, 3 என்று மூன்று நிலை, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எண். நீங்கள் சொன்ன அதே தோல் கணக்கு, அப்பட்டமாக. சாதாரண நோட்பேடில் திறந்து மாற்றலாம். மாற்றியிருக்கிறேன். எனக்குச் சாதகமாகத்தான், வேறெப்படி.

டெபாசிட் விஷயத்தை வாபஸ் வாங்குகிறேன். மற்றது நிற்கிறது.

மார்ச் 5, இரவு 1.15

வாயால் பேசிப் பயனில்லை என்று முதல் ஹாலோவை லெஜண்டரி நிலையில் ஆரம்பித்தேன். 2001 நவம்பரில் வந்த கேம். அன்றைக்கு நார்மலில் முடித்தது. ஈஸி, நார்மல், ஹீரோயிக், லெஜண்டரி என்று நான்கு படி. நேராக உச்சிக்குப் போவது என் வயதில் யாரும் செய்யக்கூடாத காரியம்.

இரண்டாவது லெவலில் ஒரு புல்மேடு வரும். வானத்திலிருந்து ஊதாநிற விமானம் ஒன்று இறங்கிப் பக்கவாட்டில் கதவைத் திறக்கும். உள்ளிருந்து ஓர் எலைட், நான்கு கிரண்ட், இரண்டு ஜாக்கல். எலைட் ஆளைவிட உயரமானவன், உடம்பைச் சுற்றி ஒளிக்கவசம். கிரண்ட்கள் இடுப்பளவு இருக்கும் குள்ளன்கள், கீச்சுக் குரல். ஜாக்கல் கையில் வட்டமான ஒளிக்கேடயம். இவ்வளவுதான். இந்த ஏழு பேரிடம் இன்றிரவு பத்தொன்பது முறை செத்தேன். ஒரு தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன், பொய் இல்லை.

முதல் ஆறேழு சாவும் ஒரே மாதிரி. எலைட்டைப் பார்த்து அசால்ட் ரைஃபிளை அழுத்திப் பிடிப்பேன். அறுபது குண்டும் தீரும். கவசம் மினுமினுக்கும். அவன் ஒரு பாறைக்குப் பின்னால் போவான், கவசம் நிரம்பத் திரும்பி வருவான். நான் ரீலோட் செய்துகொண்டிருப்பேன். நீங்கள் சொல்வது அப்படியே சரி என்று எழுதிவிட்டுப் படுக்கலாம் என்று கூடத் தோன்றியது.

எட்டாவது முறை குண்டு தீர்ந்துபோய், செத்த கிரண்ட் ஒருவன் விட்டுப்போன பிளாஸ்மா பிஸ்டலை எடுத்தேன். சாதாரணமாகச் சுட்டால் அது பட்டாசு. ஆனால் விசையை விடாமல் அழுத்தினால் நுனியில் பச்சை உருண்டை ஒன்று பெரிதாகும். விட்டால் அது எதிரியைத் தேடிக்கொண்டு தானே வளைந்து போகும். எலைட் மேல் பட்டதும் கவசம் மொத்தமும் உடைந்து தெறித்தது. உடனே அடுத்த கைத்துப்பாக்கிக்கு மாறித் தலையில் ஒன்று. விழுந்துவிட்டான். விழுந்த மறு நொடி நான்கு கிரண்ட்களும் கையை மேலே தூக்கிக்கொண்டு அலறியபடி நாலா பக்கமும் ஓடின. தலைவன் போனால் படை போச்சு. நார்மலில் ஆடிய நாட்களில் இதைப் பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். பிழைக்கிற வழியே அதுதான் என்று இன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்கப்புறமும் பதினொரு தடவை செத்தேன். ஜாக்கல்களை மறந்தேன். நேருக்கு நேர் சுட்டால் கேடயத்தில் பட்டு வீணாகும். பின்னால் விழுமாறு கிரனேடு எறிய வேண்டும், அல்லது சுற்றி வந்து விலாவில் சுட வேண்டும். இரண்டு துப்பாக்கிதான் தூக்க முடியும் என்ற விதி அப்போதுதான் கடிக்கிறது. பிளாஸ்மா பிஸ்டலும் கைத்துப்பாக்கியும் வைத்துக்கொண்டால் எலைட்டுக்குச் சரி, ஆனால் ஏழு கிரண்ட் ஒன்றாக வந்தால் திண்டாட்டம்.

கேட்டவர் கவனிக்க வேண்டியது ஒன்று. பச்சை உருண்டை தானே தேடிப்போகிறது. கையின் வேகம் இங்கே கணக்கிலேயே இல்லை. யாரை முதலில் தட்டுவது, எந்த இரண்டைத் தூக்குவது, எந்தப் பாறைக்குப் பின்னால் நிற்பது. இவ்வளவுதான் பரீட்சை. இது நாற்பத்திரண்டு வயதுக்கு நன்றாகவே வரும்.

மார்ச் 6

தானாக நிரம்பும் உயிர் என்ற வழக்கத்தை ஹாலோதான் கொண்டுவந்தது என்று நேற்று ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். திருத்தினார்கள், நியாயம்தான். முதல் ஹாலோவில் தானாக நிரம்புவது கவசம் மட்டும். அதற்குக் கீழே இருக்கும் உயிர் நிரம்பாது, மருந்துப் பெட்டி தேட வேண்டும். பெட்டியை எடுத்துவிட்டது 2004-ல் வந்த ஹாலோ 2. நேற்றிரவு ஒற்றைச் சிவப்புக் கோடு உயிரோடு அரை மணி நேரம் நடந்தவனே இதை மறந்தால் என்ன சொல்வது. அந்தச் சிவப்புக் கோட்டோடுதான் செக்பாயிண்ட், அதாவது செத்தால் திரும்பத் தொடங்கும் இடம், வேறு விழுந்தது.

மார்ச் 9, மாலை

இது கொஞ்சம் சங்கடமான குறிப்பு.

ஹாலோ எதிரிகளின் ஏஐ-யைச் செய்த கிறிஸ் புட்சரும் வடிவமைப்பாளர் ஜேமி கிரீஸ்மரும் 2002-ல் கேம் டெவலப்பர்ஸ் மாநாட்டில் பேசியிருக்கிறார்கள். தலைப்பே ‘அறிவு என்னும் மாயை’ என்கிற மாதிரி. அதில் ஒரு சோதனை வருகிறது. ஒரே ஏஐ, ஒரே நடத்தை. ஒரு தரப்புக்கு எதிரியின் உயிரைக் குறைத்துக் கொடுத்தார்கள், இன்னொரு தரப்புக்குக் கூட்டிக் கொடுத்தார்கள். ஆடியபின் எதிரி எவ்வளவு புத்திசாலி என்று கேட்டார்கள். உயிர் கூடின எதிரியோடு ஆடியவர்களில் ‘ரொம்பப் புத்திசாலி’ என்றவர்கள் பல மடங்கு அதிகம்.

அதாவது தோல் தடித்ததும் மூளை கூடிவிட்டதாக நமக்குத் தெரிகிறது. நான் மார்ச் 5-ல் அவ்வளவு எழுதினேனே, அந்த எலைட் நார்மலிலும் பாறைக்குப் பின்னால் ஓடுகிறவன்தான். ஓடுவதற்குள் நான் கொன்றுவிட்டேன், அதனால் பார்க்கவில்லை. லெஜண்டரியில் எண் கூடியதால் ஓடிப் போய்த் திரும்பி வரும் அளவுக்கு உயிரோடு இருக்கிறான்.

ஆக கேட்டவர் சொன்ன தகவல் பெரும்பாலும் சரி. கூடுவது தோல். ஹாலோவில் குறி தப்பாமையும் தங்கக் கவச எலைட்களின் வரவும் கூடவே ஏறும் என்றாலும், அடிப்படையில் அதுதான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு மட்டும் எனக்கு ஒட்டவில்லை. பத்து நொடியில் சாகிற எதிரிக்கு எவ்வளவு மூளை வைத்து என்ன பிரயோசனம்?

மார்ச் 9, இரவு

மேலே எழுதியதோடு ஒட்டியது. 2005-ல் வந்த ஃபியர் விளையாட்டின் சிப்பாய்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், பேசிவைத்துக்கொண்டு நம்மைச் சுற்றி வளைக்கிறார்கள் என்று. நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். அதைச் செய்த ஜெஃப் ஆர்கின் 2006-ல் எழுதிய கட்டுரையைப் படித்தால் சப்பென்று ஆகிவிடும். ஒவ்வொரு சிப்பாயும் தனக்கு ஒரு குறிக்கோள் வைத்துக்கொண்டு, அதை அடைய எந்தெந்தச் செயலை எந்த வரிசையில் செய்வது என்று அவனே திட்டம் போடுகிறான். நாம் முன்னேறிப் போனால் அவன் மறைவிடம் செல்லாததாகிறது. அடுத்த நல்ல மறைவிடத்துக்கு ஓடுகிறான். அது நம் பக்கவாட்டில் இருந்துவிடுகிறது. நமக்கு அது சுற்றிவளைப்பு. அவன் செய்யப்போவதற்கு ஏற்ற ஒரு வசனத்தைக் கூட இருப்பவன் வாயில் போட்டுவிடுகிறார்கள். படை வியூகம் மாதிரியே கேட்கும்.

சிப்பாய் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மனிதர்களிலும் சிலர் இப்படி உண்டு, வேண்டாம், அது வேறு கதை.

மார்ச் 14

மணிக்கட்டு வலி. வலது கை. நான்கு நாள் கன்ட்ரோலரைத் தொடவில்லை.

சும்மா இருந்த நேரத்தில் அதே ஹாலோவைக் கணினியில் போட்டு மவுஸால் ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தேன். சுடுவது நான்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஓடுகிற கிரண்ட் தலையில் ஒன்றும் படவில்லை. கன்ட்ரோலரில் பத்துக்கு ஏழு அடிப்பவன் மவுஸில் பத்துக்கு மூன்று.

காரணம் தெரிந்ததுதான், ஆனால் இவ்வளவு என்று நினைக்கவில்லை. கன்ட்ரோலரில் ஆடும்போது குறிவட்டம் எதிரி மேல் வந்ததும் கேம் நம் கையைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது, கடந்து போய்விடாமல் இருக்க. எதிரி நகர்ந்தால் குறிவட்டத்தை அவனோடு சேர்த்து லேசாக இழுக்கிறது. குண்டும் நூலிழை தவறினால் அவன் பக்கம் சாய்ந்துகொள்கிறது. கட்டைவிரலால் ஒரு குச்சியை நகர்த்திக் குறிவைப்பது இயற்கையில் நடக்காத காரியம் என்பதால் இந்த உதவி. இது இல்லாவிட்டால் கன்சோலில் ஷூட்டரே நின்றிருக்காது. குறிவட்டத்தைக் கூடத் திரையின் நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள், கவனித்திருக்கிறீர்களா? இருபது வருடம் கவனிக்காதவன் கேட்கிறேன்.

கையின் வேகம் கணக்கில் இல்லை என்று மார்ச் 5-ல் நெஞ்சை நிமிர்த்தி எழுதினேன். கணக்கில் இல்லாமல் இல்லை. எனக்குப் பதிலாக வேறு ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்.

மார்ச் 15

‘அப்படியானால் நீங்களும் ஈஸியில்தான் ஆடியிருக்கிறீர்கள்’ என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 21, இரவு 12.40

லைப்ரரி லெவல். ஆடியவர்களுக்கு இந்தப் பெயர் போதும்.

ஆடாதவர்களுக்கு: பாதிக் கதைக்குப் பிறகு ஃப்ளட் என்ற ஒட்டுண்ணிக் கூட்டம் வருகிறது. பலூன் மாதிரிச் சின்னச் சின்ன உருவங்கள் ஓடிவந்து கவசத்தில் மோதி வெடிக்கும். அவை பிடித்துக்கொண்ட பிணங்கள் பாய்ந்து பாய்ந்து அடிக்கும். சில, விழுந்து கிடந்துவிட்டு மறுபடி எழும். லைப்ரரியில் இவற்றைத் தவிர வேறு எதிரி கிடையாது. ஒரே மாதிரிக் கூடம், ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி வளைவு, லிஃப்ட், அடுத்த தளத்தில் மறுபடி அதே. வழி காட்ட மிதந்துவரும் நீலக்கண் எந்திரம் ஒன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே முன்னால் போகும். கதவு திறக்கும்வரை இங்கேயே இருங்கள் என்று விட்டுப் பறந்துவிடும்.

எலைட்டிடம் இருந்த கேள்வி இங்கே இல்லை. யாரை முதலில்? யார் பக்கத்தில் இருக்கிறானோ அவனை. தலைவன் இல்லை, பயந்து ஓடுகிறவன் இல்லை, கேடயம் இல்லை. ஷாட்கன் ஒன்று போதும். பன்னிரண்டு தோட்டா, ஒவ்வொன்றாகத்தான் உள்ளே போகும். மூன்று போட்டதும் ஒருவன் பாய்வான், நிறுத்திச் சுட வேண்டும், மறுபடி ஒவ்வொன்றாக. அந்த ரீலோட் ஓசை இப்போது கண்ணை மூடினால் கேட்கிறது. பின்வாங்கிக்கொண்டே சுடு, கூடம் முடிந்தால் சாவு. இரண்டரை மணி நேரம். கோடு போடும் தாளில் இடம் தீர்ந்து, திருப்பிப் பின்பக்கம் போட்டேன்.

இங்கே லெஜண்டரி என்பது அதே வேலை, இன்னும் அதிகம். கேட்டவர் சொன்ன வீம்பு இதுதான், மறுக்கவே மாட்டேன். அவர் இந்த ஒரு லெவலை மட்டும் ஆடிவிட்டுக் கேட்டிருந்தால் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

மார்ச் 22

தலைசுற்றல் பற்றிக் கேட்ட இன்னொருவருக்கு. பெரும்பாலும் பார்வைக்கோணம்தான் காரணம். பக்கத்தில் உட்கார்ந்து கணினித் திரையைப் பார்க்கிறவருக்கு 90 பாகை சுற்றி வைத்தால் நிம்மதி. தூரத்து டிவிக்கு என்று செய்த கேம்களில் அது 60, 70 என்று குறுகி இருக்கும், குழாய் வழியாகப் பார்ப்பது போல. செட்டிங்ஸில் கூட்ட முடிந்தால் கூட்டுங்கள். திரும்பும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளர், நடக்கும்போது தலை ஆடுவது இரண்டையும் அணையுங்கள். வினாடிக்கு 60 பிரேம் நிலையாகக் கிடைக்கும் அளவுக்குக் கிராபிக்ஸைக் குறையுங்கள்; ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லி செகண்டு, அது ஏறி இறங்கினால் தலை கிறுகிறுக்கும். குமட்டல் வந்தபின் ‘இந்த ஒரு சண்டை மட்டும்’ என்று தொடராதீர்கள். அதற்கப்புறம் அன்று முழுக்கப் போச்சு.

ஏப்ரல் 4

அக்கா மகன் வந்து நான்கு நாள் இருந்தான். பதினைந்து வயது. அவன் டைட்டன்ஃபால் 2-ஐ ஈஸியில் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். “ஏன்டா ஈஸி?” என்றேன். “நிக்க வேணாம்ல மாமா” என்றான்.

புரியவில்லை. பார்த்ததும் புரிந்தது. அந்த கேமில் சுவரில் ஓடலாம், சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குத் தாவலாம், வழுக்கலாம். நான் 2016-ல் அதை ஹார்டில் ஆடினேன். மறைவிடம் தேடி, எட்டிப் பார்த்து, சுட்டு, குனிந்து, ஹாலோ மாதிரியே ஆடி முடித்துவிட்டேன். இவன் தரையில் கால் வைக்கவே இல்லை. ஒருவன் தலைக்கு மேல் சுவரில் ஓடிக்கொண்டே அவனைச் சுட்டு, அவன் விழுமுன் அடுத்த அறையில் இருந்தான்.

அதில் காலம் மாறும் லெவல் ஒன்று உண்டு. மணிக்கட்டில் ஒரு கருவி. ஒரு பொத்தான், அவ்வளவுதான்: எரிந்து சிதைந்து செடி முளைத்துக் கிடக்கும் ஆய்வுக்கூடம், அழுத்தினால் அதே இடம் வருடங்களுக்கு முன் விளக்கெரிய, ஆட்களோடு. தளம் இந்தக் காலத்தில் இல்லை, அந்தக் காலத்தில் இருக்கிறது. சுவரில் ஓடித் தாவி, அந்தரத்தில் பொத்தானை அழுத்தி, வேறு காலத்துச் சுவரில் காலை வைத்து, மறுபடி அழுத்தி. எதிரில் மூன்று பேர் சுட்டால் காலத்தைத் தட்டிவிட்டு, இல்லாத அறையில் நடந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய், திரும்பத் தட்டு. இவன் இதையெல்லாம் நிற்காமல் செய்தான். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. நான் ஆடியபோது கிடைக்காத சந்தோஷம்.

ஹார்டு என்னை நிற்க வைத்துவிட்டது. ஓடுவதற்காகச் செய்த கேமில் நின்றேன். மார்ச் 9-ல் எழுதியதோடு இது இடிக்கிறது, தெரியும். இடிக்கட்டும்.

இவனிடம் ஒரே குறை. கதைக்காட்சி வந்தால் போதும், கண் இமைக்குமுன் ஸ்கிப் பொத்தான். அந்த கேமில் நம் கூடவே வரும் பிரமாண்ட ரோபோ ஒன்று பேசும், அதுதான் கதையின் உயிர். அதன் பெயர் கூட இவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் 5

சலுகை என்று எதைச் சொல்வது என்று யோசித்தால் எல்லாமே சலுகைதான். 2007-ல் வந்த பயோஷாக்கில் எதிரி உங்களைப் பார்த்துச் சுடும் முதல் குண்டு வேண்டுமென்றே தவறும். எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்க்க அவகாசம். கடைசிப் புள்ளி உயிரும் போகவேண்டிய அடி விழும்போது சாகவிடாமல் ஓரிரு வினாடி எந்த அடியும் படாமல் விட்டுவிடும். செய்தவர்களே பின்னால் வெளியில் சொன்ன விஷயம் இது. ‘மயிரிழையில் தப்பினேன்’ என்று நண்பர்களிடம் நான் அளந்த கதைகள் எத்தனை! அந்த மயிரிழையை அளந்து வைத்தது வேறு ஆள்.

மார்ச் 15-க்குப் பதில் இதுதான். ஆமாம், ஒருவிதத்தில் ஈஸியில்தான் ஆடியிருக்கிறேன். எல்லோரும்.

ஏப்ரல் 12

டூம் எடர்னல் பற்றி இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 2020 மார்ச்சில் வந்தது. நிலை ஏறினாலும் அரக்கர்களின் உயிர் அப்படியே இருக்கும். அடியும் ஆவேசமும்தான் ஏறும். பழைய டூமின் பேரப்பிள்ளை என்று இதில் தெரிகிறது.

இதில் குண்டைக் கஞ்சத்தனமாகக் கொடுத்துவிட்டு, தேவையானதை அரக்கனிடமே பிடுங்கிக்கொள் என்கிறார்கள். ரம்பத்தால் அறுத்தால் குண்டு கொட்டும், தீ வைத்துவிட்டு அடித்தால் கவசம், தள்ளாடும்போது கையால் முடித்தால் உயிர். காக்கோடீமன் என்ற பறக்கும் ஒற்றைக்கண் உருண்டை வாயைத் திறக்கும்போது உள்ளே கிரனேடு போட்டால் விழுங்கிவிட்டு மயங்கும். ஒவ்வொருவனுக்கும் ஒரு சாவி. சண்டை நடுவில் கையிருப்புப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, குண்டு எவ்வளவு, தீ நிரம்பியதா, ரம்பத்தில் எண்ணெய் இருக்கிறதா என்று. பத்து நிமிடம் ஆடினால் மளிகைக் கணக்குப் போட்ட களைப்பு. எனக்குப் பிடிக்கும். அரை மணி நேரத்துக்கு.

மராடர் மட்டும் ஆகாது. கேடயமும் கோடரியுமாக வருவான். கண்ணில் பச்சை மின்னும் அந்தத் தருணத்தில் மட்டும் அடி ஏறும். கிட்டப் போனால் ஷாட்கன், எட்டப் போனால் கோடரியை வீசுவான். அதுவரை பறந்து திரிந்த கேம் திடீரென்று ‘நில், நான் சொல்லும்போது சுடு’ என்கிறது. இங்கே கை வேகம் வேண்டும், மன்னிப்பே இல்லை. கேட்டவரே, நீங்கள் இவனிடம் போக வேண்டாம்.

நீங்கள் போக வேண்டியது 2008-ல் வந்த டெட் ஸ்பேஸ். பாழடைந்த சுரங்கக் கப்பல். நாயகன் ராணுவ வீரன் இல்லை, பொறியாளர். துப்பாக்கியும் சுரங்கத்தில் அறுக்கும் கருவி. திரையின் ஓரத்தில் எந்த எண்ணும் ஒட்டியிருக்காது, உயிர் எவ்வளவு என்று அவர் முதுகுத்தண்டில் நீல ஒளியாகத் தெரியும். தலையைச் சுட்டுப் பயன் இல்லை, அந்தப் பிராணி தலை இல்லாமலே ஓடிவரும். கை காலை அறுக்க வேண்டும். கருவியின் ஒளிக்கோட்டைப் படுக்கையாகவோ செங்குத்தாகவோ ஒரு பொத்தானில் திருப்பலாம்: காலுக்குப் படுக்கை, தொங்கும் கைக்குச் செங்குத்து. கூடவே எதிரியை மெதுவாக்கும் ஸ்டேசிஸ் ஒன்று இருக்கிறது. எறிந்தால் பாய்ந்து வருகிறவன் தண்ணீருக்குள் நடப்பது போல வருவான். மெதுவான கைக்கு இதைவிட மரியாதையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

ராத்திரியில் ஹெட்ஃபோன் போடாதீர்கள். அது வேறு காரணம்.

ஏப்ரல் 20

கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். டெட் ஸ்பேஸை ஈஸியில் ஆரம்பித்து, மூன்றாவது அத்தியாயத்தில் எதிரிகள் பயமுறுத்தாமல் செத்துக்கொண்டே இருந்ததால் நடுநிலைக்கு மாற்றிக்கொண்டாராம். ‘வீம்புக்கு இல்லை’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 26

ஹாலோ, மணிக்கட்டு இரண்டும் கொஞ்சம் தேவலை. ஒரு விஷயம் எழுத விட்டுப்போயிற்று: ஹண்டர். ஜோடியாக வரும் இரண்டு மலைகள், கையில் பீரங்கி, ஆள் உயரக் கேடயம். லெஜண்டரியில் இவர்களுக்காக ராக்கெட் சேர்த்து வைத்திருந்தேன். தேவையே இல்லை. கிட்டப் போனால் கேடயத்தால் அடிக்க ஓடிவருவான். பக்கவாட்டில் ஒதுங்கினால் முதுகில் ஆரஞ்சு நிறச் சதை தெரியும். கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்று, ஒன்றே ஒன்று. மலை சாய்ந்துவிடும். உச்ச நிலையில் பார்க்கவே பயங்கரமான எதிரிக்கு ஒரு குண்டு, சாதாரண எலைட்டுக்கு ஒரு யுத்தம்! தோல் கணக்குக்கு இதை எந்தப் பெட்டியில் போடுவது?

மே 10, இரவு

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். திரையை இரண்டாகப் பிளந்து ஹாலோவின் மிச்சத்தைச் சேர்ந்தே ஆடினோம். இரண்டு பேர் ஆடும்போது ஒரு சௌகரியம்: ஒருவன் செத்தாலும் மற்றவன் எதிரிகளிடமிருந்து விலகி நின்றால் செத்தவன் பக்கத்தில் முளைத்துவிடுவான். அதனால் எங்கள் வியூகம், அவன் ஓடிப் போய்ச் சாவான், நான் தூணுக்குப் பின்னால் உயிரோடு நிற்பேன். என் மொத்தப் பங்களிப்பும் நிற்பதுதான். நின்று பழகியவன்.

கடைசி லெவலில் கப்பல் வெடிக்கப்போகிறது, மணித்துளி ஓடுகிறது, ஜீப்பில் ஒரு நீண்ட பள்ளத்தின் வழியே வெளியே பாய வேண்டும். அவன் ஓட்டினான், நான் பின்னால் துப்பாக்கியில். நான்கு முறை கவிழ்ந்தோம். ஐந்தாவது முறை கடைசித் திருப்பத்தில் ஃப்ளட் கூட்டத்தின் நடுவே ஜீப் பக்கவாட்டில் ஒரு சக்கரத்தில் போய், நான் கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோது விமானம் நிற்கும் இடம் வந்துவிட்டது. இரண்டு பேரும் கத்தினோம்.

லெஜண்டரியில் முடித்தால் மட்டும் கடைசியில் கூடுதலாகச் சில நொடிக் காட்சி ஒன்று வரும். மற்ற எந்த நிலையிலும் வராது. இரண்டு மாதம், பின்பக்கமும் நிரம்பிய ஒரு தாள், ஒரு மணிக்கட்டு, எல்லாம் அதைப் பார்க்கத்தான். கேட்டவர் இதை வீம்பு என்று சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன். திரை கறுத்தது, காட்சி ஆரம்பித்தது.

பழக்க தோஷம், அவன் கட்டைவிரல் போய்விட்டது. ஸ்கிப்.

“மாமா” என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

மே 11

மறுபடி கடைசி லெவலின் ஆரம்பத்திலிருந்து. இந்தத் தடவை அவன் கன்ட்ரோலரை முடிந்ததும் நான் வாங்கி வைத்துக்கொள்வதாக ஒப்பந்தம். ஜீப் இதுவரை ஆறு முறை கவிழ்ந்திருக்கிறது.